கதை தெரிந்த பிறகு கண் எங்கே போகும்?

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட் என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். யார் சாகிறார்கள், யார் நல்லவர் வேஷம் போடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் கீழே போட்டு உடைக்கப் போகிறேன். பார்த்து முடித்துவிட்டு, 'ஒரு தடவை பார்த்தாச்சே, திரும்ப எதுக்கு' என்று இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறந்துபோனவர்களுக்கு நாலு வரியில் கதை. எட்வர்ட், அல்போன்ஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் ஊரில் ரசவாதம் ஒரு படிப்பு, அரசாங்கச் சம்பளம்கூட உண்டு. செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அண்ணனுக்கு இடது கால் போகிறது, தம்பிக்கு உடம்பே போகிறது. தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் பிடித்துவைக்க அண்ணன் வலது கையையும் கொடுக்கிறான். போனதை மீட்க அலைவதுதான் மீதிக் கதை. ஹிரோமு அரகாவா என்ற பெண் வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 2001 முதல் 2010 வரை மாத இதழில் வந்து 27 தொகுதிகளில் முடிந்தது. போன்ஸ் ஸ்டுடியோவில் யசுஹிரோ இரியே இயக்கிய இந்தத் தொடர் 2009 ஏப்ரலில் தொடங்கி 2010 ஜூலையில் 64 எபிசோடுகளோடு நிறைவடைந்தது. மங்காவின் கடைசி அத்தியாயம் வந்த அடுத்த மாதமே கடைசி எபிசோடும் வந்துவிட்டது.

கல்லூரியில் படிக்கும்போது நண்பன் ஒருவனின் லேப்டாப்பில்தான் இதை முதலில் பார்த்தேன். காதில் ஜப்பானியம், கண்ணில் ஆங்கில எழுத்து, மண்டைக்குள் தமிழ். நம் ஊரில் அனிமே பார்க்கிற பலருக்கும் இதே கதைதான். ஒரு வசனம் ஓடுவதற்குள் அதைப் படித்து, புரிந்துகொண்டு, மேலே நிமிர்ந்து பார்த்தால் காட்சி மாறியிருக்கும். அதனால் கண் திரையின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஓடும் தொடரில் பாதி நேரம் நான் நாவல் படித்த மாதிரிதான் இருந்திருக்கிறேன். கதை மொத்தமும் தெரியும், படம் பாதிதான் தெரியும்.

சில வருடங்கள் கழித்து ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கம்பெனி பஸ்ஸில் போகவர போனில் அதே தொடரை எடுத்தேன். இந்தத் தடவை ஆங்கில டப்பிங். படிக்க எதுவும் இல்லை, அடுத்து என்ன என்ற பதற்றமும் இல்லை. அப்போதுதான் கண் தன்னிஷ்டத்துக்கு மேயத் தொடங்கியது. பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்துக்குப் போனது. அறையின் மூலைக்கும், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்கும் போனது.

இது எனக்கு ஏற்கெனவே பழக்கமான விஷயம் என்று சத்துவாச்சாரி நிறுத்தம் வருவதற்குள் உறைத்தது. ஆரணிப் பக்கம் என் பெரியப்பா ஊரில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசி நாள் விடிந்ததும் படுகளம். மண்ணில் பிரம்மாண்டமாகச் செய்து படுக்கவைத்திருக்கும் துரியோதனனைப் பார்க்கப் பக்கத்து ஊர்களெல்லாம் வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் கதை தெரியாத ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். துகில் உரிக்கப் போகிறார்கள், கண்ணன் வந்து காப்பாற்றுவான் என்பது இடுப்புக் குழந்தைக்கும் தெரியும். அப்படியும் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துச்சாதனன் கத்திக் குதிக்கிற இடத்தில் பெரியப்பா என் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்புவார். "அவனை ஊரே பாக்குது. நீ தருமரைப் பாரு, தலையை எப்படிப் போட்டுக்கினு நிக்கிறாரு பாரு." ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் காதைப் பிளக்கும். அந்த மனிதர் மட்டும் கிரீடத்தோடு அசையாமல் நிற்பார். வருஷா வருஷம் வேஷம் கட்டுகிறவர் மாறினால் அந்த நிற்கிற விதமும் மாறும். கூத்து முடிந்து டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சே நடக்கும்.

பிரதர்ஹுட்டை நான் இப்போது பார்ப்பது அந்தக் கண்ணோடுதான். சில இடங்களைச் சொல்கிறேன்.

நான்காவது எபிசோடில் ஷூ டக்கர் வருவார். உயிரினங்களை ஒட்டுப்போட்டுப் புது விலங்கு செய்கிற அரசு ரசவாதி. பெரிய வீடு, சின்ன மகள் நீனா, ஒரு குண்டு நாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனுஷ பாஷை பேசும் ஒரு விலங்கைச் செய்து காட்டித்தான் உரிமம் வாங்கியவர். அந்த விலங்கு 'சாக வேண்டும்' என்று மட்டும் சொல்லி, சாப்பிட மறுத்துச் செத்துப்போனது. அவருடைய மனைவி இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த இரண்டு தகவலும் ஒளித்துவைக்கப்படவே இல்லை. எபிசோடின் ஆரம்பத்திலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தடவை அவற்றைக் காதில் வாங்கிக்கொண்டு நீனாவும் நாயும் அல்போன்ஸோடு விளையாடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். இரண்டையும் எட்வர்ட் சேர்த்துக் கேட்கும்போதுதான் வயிறு கலங்கும்: அந்த விலங்கே அவர் மனைவிதான், இப்போது மகளையும் நாயையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்.

தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த எபிசோடே வேறு. சிரிப்பு வரும் காட்சிகள்தான் பார்க்க முடியாதவையாக மாறும். நீனா ஓடிவரும்போது டக்கர் முகத்தைப் பாருங்கள். அன்பில்லாத அப்பா என்று சொல்ல முடியாது. உரிமம் புதுப்பிக்கிற தேதி நெருங்குகிறது, காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. வீடு, சம்பளம், மரியாதை எல்லாம் போய்ப் பழைய வறுமைக்குத் திரும்ப வேண்டும் என்ற பயம் ஒரு மனிதரை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பயத்தை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன், எனக்குள்ளேயும்தான். முதல் தடவை டக்கர் எனக்கு வெறும் பிசாசு. இப்போது அதைவிட மோசமாகத் தெரிகிறார், ஏனென்றால் மனுஷனாகத் தெரிகிறார்.

இன்னொன்று. தொடக்க எபிசோடுகளில் ஒரு மனித உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று எட்வர்ட் கடகடவென்று ஒப்பிப்பான். தண்ணீர் 35 லிட்டர், கரி 20 கிலோ, அம்மோனியா 4 லிட்டர், சுண்ணாம்பு 1.5 கிலோ, பாஸ்பரஸ் 800 கிராம், உப்பு 250 கிராம் என்று பட்டியல் போகும். சின்னப் பையனின் கைச்செலவுக் காசில் சந்தையில் வாங்கிவிடலாம், மனுஷன் அவ்வளவு மலிவு என்பான். கேட்கும்போது படித்த திமிர் என்றுதான் தோன்றும். ஆனால் அவனே அந்தச் சின்னப் பையனாக இருந்து, தம்பியோடு சேர்ந்து, அம்மாவுக்காக அதையெல்லாம் கிராம் கணக்கில் அளந்து வைத்தவன். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் அல்போன்ஸ் ஏன் பேசாமல் இருக்கிறான் என்பதும் புரியும்.

மேஸ் ஹியூஸ் விஷயம் அழுகையைத் தாண்டியும் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் தொழில் சுத்தம் இருக்கிறது. ராணுவ போனில் சக அதிகாரியான நண்பர் மஸ்டாங்கைக் கூப்பிட்டு மகள் புராணம் பாடி அவர் உயிரை வாங்குகிற ராணுவ அதிகாரி ஹியூஸ். ராணுவ லைனில் சொந்தக் கதை பேசாதே என்று மஸ்டாங் எரிந்து விழுவார். முதல் தடவை எனக்கும் அந்த போட்டோ காட்டும் கூத்து சலிப்பாகத்தான் இருந்தது. பத்தாவது எபிசோடில் நாட்டையே உலுக்கும் ஓர் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு, ராணுவ போனை எடுத்தவர் அதை நம்பாமல் கீழே வைத்துவிட்டு, வெளியே பொது போன் பூத்துக்கு ஓடுகிறார். அங்கேதான் சாவு. சிரிப்புக்காக வைத்தது போல இருந்த அத்தனை போன் அழைப்புகளும் இந்த ஒரு அழைப்புக்குப் போட்ட அடித்தளம். மறுமுனையில் மஸ்டாங் 'ஹியூஸ், ஹியூஸ்' என்று கத்துகிறார். இதற்கு முன் எத்தனையோ அழைப்புகளைப் பாதியில் வைக்கச் சொன்னவர் அவர்தான். உருவம் மாறத் தெரிந்த கொலையாளி, மரியா ராஸ் என்ற ராணுவ அதிகாரியின் உருவத்தில் வரும்போது கண்ணுக்குக் கீழே மச்சம் இல்லை என்று ஹியூஸ் கண்டுபிடிப்பாரே, அதற்கு முன் ராஸ் வருகிற காட்சிகளில் அந்த மச்சம் சரியாக இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். இருக்கிறது.

இதையெல்லாம் தேடிப் பார்க்கப் பெரிய முயற்சி தேவையில்லை. ஆனால் சில பழக்கங்கள் உதவும். கதை நினைவிருந்து வசனம் மறந்துபோகிற அளவுக்கு ஓர் இடைவெளி விடுங்கள். முடித்த கையோடு திரும்ப ஆரம்பித்தால் எதுவும் புதிதாகத் தெரியாது. பிறகு, சப்டைட்டிலை எப்படியாவது ஒழியுங்கள். டப்பிங் பிடிக்காது, அசல் குரல்தான் வேண்டும் என்பவர்கள் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். கதை தெரியுமே, என்ன பயம்? ரோமி பார்க் குரலில் எட்வர்ட் கத்துவதும் ரியே குகிமியா குரலில் அல்போன்ஸ் தயங்குவதும் பாஷை தெரியாமலேயே விளங்கும். எழுத்து படத்தோடே பதிந்துபோன பழைய கோப்பு என்றால், திரையின் அடியில் ஒரு காகிதப் பட்டையைச் செருகினால் போதும். நான் காலண்டர் தாளைக் கிழித்துச் செருகியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ராத்திரிக்கு ஒரு எபிசோட், மிஞ்சினால் இரண்டு. பத்துப் பன்னிரண்டை ஒரே மூச்சில் பார்த்தால் மறுபடியும் கதைதான் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்வதும் நல்ல வழி. மஸ்டாங்கின் உதவி அதிகாரி ஹாக்ஐ இருக்கும் காட்சிகளில் அவளை மட்டுமே பார்த்தேன் ஒரு தடவை. அதிகம் பேசாதவள், எப்போதும் மஸ்டாங்குக்கு ஒரு எட்டுப் பின்னால். சாப்பாட்டுக்கூடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஊர்வம்பு பேசுகிற மாதிரி பெயர்களாக அடுக்கிக்கொண்டே போவார்களே, அந்தப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால்தான் அதிபரின் மகன் யார் என்ற ரகசியம் வரும். சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது கொஞ்சம் சவசவ என்ற காட்சி. இப்போது அவள் கண் அசைவதையும் அவர் முகம் இறுகுவதையும் பார்க்கலாம்.

தனியாகப் பார்ப்பதைவிட, கதை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்ப்பது இன்னும் விசேஷம். குடியாத்தத்திலிருந்து அக்கா மகள் மே மாத விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழா அவள் ஊரில். அது முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வேலூர் வெயிலில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிடும். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த வருஷம் அவளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன்.

அதிபர் பிராட்லி மருத்துவமனைக்கு வருகிற காட்சி. அடிபட்டுக் கிடக்கும் எட்வர்டைப் பார்க்க நாட்டின் அதிபரே முலாம்பழத்தோடு வந்து நிற்பார். இந்த விவகாரம் ஆபத்து, தலையிடாதீர்கள், யாரையும் நம்பாதீர்கள் என்று அக்கறையாகச் சொல்வார். காவலர்கள் தேடுகிற சத்தம் கேட்டதும் ஜன்னல் வழியாக எகிறிக் குதித்து ஓடுவார். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இந்தத் தாத்தா செம! இவரு இருக்கறப்போ இன்னா பயம் இவங்களுக்கு?" நான் "ம்" என்றேன். அவருடைய ஒற்றைக் கண்ணையும், அவர் எச்சரிக்கும்போது ஹியூஸ் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எச்சரிக்கை அத்தனையும் உண்மை, சொல்கிறவர்தான் அந்த ஆபத்து.

வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை. 'இங்க நல்லா கவனி' என்றுகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நிமிடமே மோப்பம் பிடித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள் என்பது என் யோசனை. திரையும் தெரியும், பார்க்கிறவர் முகமும் தெரியும்.

பிராட்லி யார் என்று வெளிப்பட்ட ராத்திரி அவள் திரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அந்தத் தாத்தா சூப்பரு சூப்பருன்னு நான் சொன்னப்பல்லாம் தலையாட்டுன."

"ஆட்டுனேன்."

அடுத்த நாள் அவளே முலாம்பழக் காட்சியைத் திரும்பப் போட்டாள், தான் எங்கே ஏமாந்தோம் என்று பார்க்க. அப்புறம் ஹியூஸ் சவ அடக்கத்தையும் போட்டாள். அதில் குழந்தை எலிசியா, அப்பாவை ஏன் மண்ணுக்குள் போடுகிறார்கள் என்று அழும்போது பிராட்லியின் கை நடுங்கும். முதல் தடவை அது துக்கம். உண்மை தெரிந்து பார்த்தால் என்ன என்று நானும் அவளும் ரொம்ப நேரம் வாதாடினோம். அவரே பின்னால் வேறு காரணம் சொல்கிறார், அதை நம்பலாமா என்பது அவள் கட்சி. நம்பலாம் என்பது என் கட்சி. தீரவில்லை.

இஷ்வால் போர் எபிசோட் முப்பதாவதாக வரும். அதுவரை நாம் நேசித்த மஸ்டாங்கும் ஹாக்ஐயும் ஹியூஸும் ஆணை எண் 3066க்குக் கீழ்ப்படிந்து ஒரு மக்களையே அழித்த படையில் இருந்தவர்கள் என்பது அங்கேதான் முழுசாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு முதல் எபிசோடுக்குப் போனால் அவர்களின் கிண்டல் பேச்சுக்கு அடியில் வேறு ஒன்று ஓடுவது கேட்கிறது. அதைப் பார்த்த மறுநாள் அக்கா மகளோடு பஸ்ஸில் வேலூர் மக்கான் பக்கம் போனேன். 1806 சிப்பாய் புரட்சி நினைவுத்தூணைக் காட்டினேன். கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்களை அடக்க ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி கொண்டுவந்த குதிரைப்படையில் சென்னைப் படையைச் சேர்ந்த நம் ஆட்களும் இருந்தார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவங்க அப்புறம் வீட்டுக்குப் போயி இன்னா சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தொடரில் அந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான்.

நாங்கள் இரண்டு பேரும் பார்க்கும்போது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்ப்பார். ஆங்கிலம் வராது. அதனால் எபிசோட் முடிந்ததும் அன்றன்றைய கதையைத் தமிழில் சொல்லச் சொல்வார். இது எனக்குக் கிடைத்த இன்னொரு பாடம். பார்த்ததைச் சொந்த பாஷையில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், எந்த இடம் நமக்கே சரியாகப் புரியவில்லை என்று உடனே மாட்டிக்கொள்ளும். 'அவன் ஏன் வீட்டைக் கொளுத்தினான்?' என்று அம்மா கேட்டார். திரும்பி வருகிற எண்ணமே வரக்கூடாது என்பதற்காக என்று எட்வர்ட் சொல்வதை அப்படியே ஒப்பித்தேன். "அதுக்கா? பூட்டிட்டுப் போனா ஆவாதா?" என்றார் அம்மா. இருபதாவது எபிசோடில் அவன் அப்பா ஹோஹன்ஹைம் ஏறக்குறைய இதைத்தான் கேட்பார். ராத்திரி படுக்கையை நனைத்த பிள்ளை துணியை ஒளித்துவைக்கிற மாதிரி, நீ ஓடிப்போனாய் என்பார். எட்வர்டுக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கும் முதல் தடவை அந்த ஆள்மேல் அப்படி ஒரு வெறுப்பு. பொண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போனவருக்கு என்ன யோக்கியதை என்று இருந்தது.

இந்தத் தொடரை மறுபடி பார்க்கும்போது அதிகமாக மாறுவது அந்த அப்பாதான். விடிகாலையில் அவர் வீட்டை விட்டுப் போகும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். எட்வர்டின் நினைவில் பதிந்தது, ஒன்றும் பேசாமல் முறைத்துவிட்டுப் போன ஒரு முகம். நாமும் அவன் கண்ணால்தான் அதைப் பார்த்திருப்போம். முப்பத்தாறாவது எபிசோடில் அதே விடிகாலை அவர் பக்கத்திலிருந்து வரும். குடும்பமாக எடுத்த ஒரு போட்டோவும் வரும். பல நூறு வருஷம் சாகாமல் அலைந்த மனிதர், வயதாகி ஒருநாள் இவர்களோடு சேர்ந்து சாக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேமரா முன் அழுதுவிடுகிறார். என் உடம்பு சாதாரண உடம்பு இல்லை, பிள்ளையைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்தவர் அவர். அந்தக் காட்சியை மட்டும் அம்மா கீரையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் கதை சொல்வதற்கு முன்பே, "இவன் அழுவுறதை அடக்கத்தான்டா மூஞ்சிய அப்படி வெச்சிக்கினு போயிருக்கான்" என்றார். ஒரு வார்த்தை வசனம் புரியாமல், முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னது. நான் அந்த முகத்தைக் கண்டுகொள்ள எத்தனை வருஷம் ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எல்லா இடமும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். முதல் பத்துப் பன்னிரண்டு எபிசோடுகள் ஓட்டமும் நடையுமாகப் போகும். 2003இல் இதே ஸ்டுடியோ எடுத்த முந்தைய தொடர் அந்தப் பகுதியை விரிவாகச் சொல்லிவிட்டதால் இதில் அவசரப்பட்டிருக்கிறார்கள். யோகி என்ற அதிகாரி வரும் சுரங்கக் கதையைத் தூக்கிவிட்டு, பின்னால் மௌனப்படம் மாதிரி ஒரு சின்னக் கிண்டலாகச் சேர்த்துவிட்டார்கள். இருபத்தேழாவது எபிசோட் பெரும்பாலும் பழைய காட்சிகளின் தொகுப்பு, தாண்டிப் போகலாம். கோபத்தில் எட்வர்ட் திடீரென்று பொம்மை மாதிரிக் குட்டியாகிற கேலிக் காட்சிகள் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு ஒட்டவில்லை. அக்கா மகளுக்கு அவைதான் உயிர். ஆரம்பப் பாடலைத் தள்ளிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஐந்து பாடல்கள் மாறும், ஒவ்வொன்றும் வரப்போகிற பகுதியைப் படமாக முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

எந்தத் தொடரைத் திரும்பப் பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அந்தத் தொடரின் பெரிய திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான தடயம் முன்பே நம் கண்முன் இருந்ததா என்று யோசியுங்கள். பிரதர்ஹுட்டில் அமெஸ்ட்ரிஸ் நாட்டின் வரைபடம் வட்டமாக இருக்கும். அதிகாரிகளின் அறையில் மாட்டியிருக்கும், மேஜையில் விரித்திருக்கும், பலமுறை பார்த்திருப்போம். ரசவாதத்துக்கு வட்டம் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தும் விடுகிறார்கள். நாடே ஒரு வட்டம் என்பது பாதித் தொடர் தாண்டிய பிறகுதான் நமக்கு உறைக்கும். முதல் எபிசோடில் ஐசக் மெக்டூகல் என்பவன் தலைநகரையே உறையவைக்கச் சுற்றிலும் வட்டங்கள் போட்டுக்கொண்டு போவான். இந்த நாடு என்ன செய்யப் பார்க்கிறது தெரியுமா என்று கத்துவான். மங்காவில் இல்லாத ஆள் அவன். கதை எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள்தான் இப்படி ஒருவனை முதல் எபிசோடிலேயே கொண்டுவந்து வைக்க முடியும். திருப்பத்தைக் கடைசி நிமிடத்தில் பையிலிருந்து எடுத்துப் போடுகிற தொடர்கள் ஒரு தடவைக்கு மேல் தாங்காது. அதிர்ச்சி போனதும் மிச்சம் ஒன்றும் இருக்காது.

அடுத்த மே மாதத்துக்கு 2003 தொடரைப் பேசி வைத்திருக்கிறோம். 51 எபிசோட். மங்கா முடியாத காலத்தில் எடுத்ததால் பாதியில் தனிப் பாதையில் போய்விடும். ஹியூஸுக்கும் நீனாவுக்கும் இதைவிட அதிக நேரம் கொடுத்திருப்பார்கள். அக்கா மகள் இப்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்: நான் பக்கவாட்டில் உட்காரக் கூடாதாம். அம்மா கேட்டது ஒன்றுதான், அந்த அப்பன் அதிலும் வருகிறானா என்று. வருகிறான், ஆனால் வேறு மாதிரி என்றேன். எப்படி என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.